நாமக்கல்லில் ஒரு பாடி கட்டிய கதை

சேந்தமங்கலம் சாலையில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போன அன்றே என் தொழில் மாறிப்போனது. வீட்டுக்காரர் நல்லமுத்து அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "என்ன வேலைங்க பண்றீங்க?" என்றார். "பொடி வார்க்கிறனான், அண்ணை" என்றேன். என் உடம்பை அச்செடுத்துச் சிலை வார்ப்பது என் தொழில். உடம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நாங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம் என்பது ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? "இட்லிப் பொடிங்களா, மொளகாப் பொடிங்களா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி மரகதம், "நம்மூட்டுக்கும் அரைக் கிலோ போட்டுக் குடுங்க சாமி" என்று குரல் கொடுத்தாள். வாடகைக்கு வருவதற்கு முன்பே எனக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

இனி இந்த நாட்டு உச்சரிப்புக்கு இறங்கி வரவேண்டியதுதான் என்று, "பொடி இல்லை அண்ணை, பாடி, பாடி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பாடிங்களா? அத மொதல்லயே சொல்றதில்லீங்களா. எந்தப் பட்டறைல இருந்தீங்க? டிப்பருங்களா, டேங்கருங்களா?" அப்போதுதான் விளங்கியது, இந்த ஊரில் பாடி என்றால் லாரிக்கு. அவரே ஒரு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். சிலோனில் பொம்பளைகள்கூட லாரி கட்டுகிறார்களா என்று அவருக்கு ஆச்சரியம். வீடு கிடைக்கும் நேரத்தில் உண்மை பேசி என்ன சாதிக்கப் போகிறேன் என்று நானும் தலையை ஆட்டி வைத்தேன். இவ்வளவுக்கும் இரண்டு பேரும் பேசியது தமிழ். கனடாவுக்குப் போனவர்களே, மொழி தெரியாத நாட்டில் கஷ்டப்படுவதாக எனக்கு எழுதாதீர்கள். மொழி தெரிந்த நாட்டுக்கு வந்து பாருங்கள்.

லாரி இங்கே வெறும் சேசிஸாகத்தான் வரும். எஞ்சின், சக்கரம், ஓட்டுநர் குந்துவதற்கு ஒரு பலகை, அவ்வளவுதான். மேலே கூடு கட்டி, வர்ணம் அடித்து, முன்னால் குலதெய்வத்தின் பெயரை எழுதி அனுப்புவது இந்த ஊர்க்காரர்களின் வேலை. படகில் வந்து இறங்கியபோது நானும் சேசிஸ்தான். பதினாறு வயது, அடிவயிற்றில் ஷெல் துண்டு கிழித்த காயம், அதைச் சுற்றி என் அக்கா புனிதம் தன் பாவாடையைக் கிழித்துக் கட்டிய கட்டு. அம்மா வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றதால் அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் நேரில் பார்க்கவில்லை. அகதி முகாமில் பிளாஸ்டர் பொம்மை வார்த்து விற்றேன். கல்யாணம் கட்டினேன், ஒரு மகளைப் பெற்றேன், புருஷனைப் பறிகொடுத்தேன். பொம்மை வார்த்துப் பழகிய கை ஒருநாள் என் முழங்காலையே வார்த்துப் பார்த்தது. பிறகு தோள், பாதம் என்று அதுவே பைத்தியமாகிவிட்டது. ஏன் உன் உடம்பையே செய்கிறாய் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அகதி என்பதால் வெளியூர் போக, வீடு மாற, வேலைக்குப் போக எல்லாவற்றுக்கும் நான் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்காமல் நான் கைவைக்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

நல்லமுத்து அண்ணனுக்கு உண்மை தெரிந்தபோது அவர் கோபிக்கவில்லை. பட்டறையில் மிஞ்சிய ஃபைபரையும் ரெசினையும் கொண்டுபோகச் சொன்னார். "எதுக்கு அடிச்சாலும் பாடி பாடிதானுங்களே" என்றார். கலையைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான விமரிசனம் அது.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் குழு, கண்காட்சிக்கு என் வேலை ஒன்று வேண்டுமென்று கேட்டது. கழுத்திலிருந்து தொடை வரை முழு உடம்பையும் கொடுப்பதென்று முடிவு செய்தேன். தன் உடம்பைத் தானே முழுதாக வார்க்க முடியாது, இன்னொரு கை வேண்டும். மரகதத்தைக் கேட்டேன். மருந்துக்கடையில் மாவு பூசிய கட்டுத்துணி வாங்கப் போனவள், "யாருக்குங்க மாவுக்கட்டு, எங்க உழுந்தாங்க?" என்ற கேள்விக்கு, "யாரும் உழுவலைங்க, சும்மா ஆசைக்கு" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். கதவைச் சாத்தி நான் சேலையைக் களைந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "பாடியாச்சும் போட்டுக்கங்க, அக்கா" என்றாள். அவள் சொன்னது உள்பாடியை. போர் நடந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிணம் என்று அர்த்தம், பட்டறையில் லாரி, இவளுக்கு மார்க்கச்சை. நான் மட்டும்தான் அதை உடம்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எண்ணெய் தடவி, நனைத்த மாவுத்துணியை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தவள் அடிவயிற்றில் நின்றுவிட்டாள். அங்கே இரண்டு தழும்புகள் இருக்கின்றன. ஒன்று பக்கவாட்டில், மெல்லிய கோடு. மற்றது நடுவில், மேலும் கீழுமாகத் தாறுமாறாக. மரகதம் நடுவில் இருந்ததைத் தொட்டு அழ ஆரம்பித்தாள். "பாவிங்க, இப்படியா குண்டு போடுவாங்க, சாமி? பச்சப் புள்ளையா இருந்திருப்பீங்களே." நான் அவளைத் திருத்தவில்லை. அது என் மகள் பிறந்தபோது போட்ட ஆப்பரேஷன் தையல். அவள் சிசேரியன் என்று நினைத்துத் தாண்டிப் போன மெல்லிய கோடுதான் ஷெல் துண்டு கிழித்தது. அக்கா கட்டிய கட்டு அவ்வளவு நேர்த்தி. சிரிப்பு வந்தது, ஆனால் ஈர மாவு இறுகும்போது வயிறு குலுங்கக் கூடாது. அதோடு, என் உடம்புக்காக ஒருத்தி அழுது எத்தனையோ காலமாகிவிட்டது. தப்பான தழும்புக்கு என்றாலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

சிலை முடிந்தது. நானும் கூடப் போகலாமென்று ஒரு ஆசை இருந்தது. அக்காவைப் பார்க்கலாம். அகதிகள் அலுவலகத்தில் விசாரித்தபோது, "தாராளமா போலாம்மா. ஆனா போனா போனதுதான். திரும்பி வரமுடியாது" என்றார்கள். மகளுக்கு இங்கே பக்கத்தில் சூரமங்கலத்தில் வேலை. இங்கே பிறந்தவள், யாழ்ப்பாணம் அவளுக்கு நான் சொல்லி அலுத்த கதை. அக்காவா மகளா என்று யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெட்ட வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். நான் நின்றேன், சிலை புறப்பட்டது.

பட்டறையிலேயே பெட்டி அடித்தார்கள். பொருள் எந்த நாட்டில் செய்தது என்று வெளியே எழுதியிருக்க வேண்டுமாம். லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் வந்து, சிவப்பும் மஞ்சளுமாக நிழல் கொடுத்து, 'மேட் இன் இந்தியா' என்று அழகாக எழுதினார். பழக்கதோஷத்தில் ஒரு தாமரைப்பூவும் போட்டார். நான் இந்த நாட்டுக்காரி என்று ஒரு துண்டுச் சீட்டு வாங்க இத்தனை வருடமாக நடையாய் நடக்கிறேன். என் இடுப்புக்கு ஒரே மத்தியானத்தில் குடியுரிமை கிடைத்துவிட்டது. "உங்க பாடி மட்டும் இந்தியன் ஆயிருச்சுங்க" என்று நல்லமுத்து அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சிலை போகிற வழியில் சோதனைச் சாவடியில், லோடு என்ன என்று கேட்டதற்கு ஓட்டுநர், "பொம்பள பாடிங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, ஃபைபர் என்று தட்டி உறுதி செய்த பிறகே விட்டார்களாம்.

கண்காட்சியில் உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். கண்காட்சி முடிந்ததும் திருப்பி அனுப்புவது வீண் செலவு என்று புனிதம் அக்கா அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். சிலைக்குத் தன் பழைய நைட்டியை மாட்டி வைத்திருந்தாள். "உன்னை இப்பிடி அம்மணமா ஹோலுக்குள்ள நிப்பாட்ட ஏலாதடி, ஆக்கள் வந்து போற வீடு" என்றாள். பிறகு குரல் தணிந்து, "எங்க, ஒருக்காப் பாப்பம்" என்று நைட்டியைத் தூக்கினாள். அவள் கை பக்கவாட்டில் இருந்த மெல்லிய கோட்டுக்கு நேராகப் போனது. தேடவே இல்லை.

"காயம் வடிவா ஆறியிருக்கு" என்றாள். பிறகு நடுவில் இருந்ததைக் கண்டுவிட்டாள். "இதென்னடி? இதை நான் கட்டேல்லையே. உனக்கு இன்னுமொரு காயம் பட்டதோ? நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"காயம் இல்லை அக்கா. உங்கட பெறாமகள் வந்த வழி."

என் பிள்ளையை அவள் ஒரு நாளும் தூக்கியதில்லை. தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தழும்பின்மேல் வைத்தாள். நிறைய நேரம் கைகளை எடுக்கவேயில்லை. நான் இங்கே சேலைக்கு மேலால் அதே இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். அவள் கையின் சூடு எனக்குத் தெரியவில்லை.