பின்வாசலில் கொட்டிய கல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரியும். இல்லையென்றால் இத்தனை வருடம் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் குப்பை கொட்டியிருக்க முடியாது. அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு மதினி. தேவிபட்டினத்துக்கு வடக்கே எங்கள் ஊர். கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வரிசையில் வடக்கே எங்கள் வீடு, தெற்கே அவர் வீடு, இடையில் ஒரு முருங்கை மரம். மரம் யாருடையது என்று இதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

வாடைக்காற்று மாதங்களில் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. வள்ளத்தை ஏற்றி வைக்கும் மணல் முதலில் போனது. அடுத்த வருடம் மீன் காயப்போடும் இடம் போனது. அடுத்தது வீடுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரை நச்சரித்து நச்சரித்து, எங்கேயோ இடித்துப் போட்டிருந்த பழைய பாலத்தின் காங்கிரீட் கட்டிகளை டிராக்டரில் வரவழைத்துப் பின்வாசலில் கொட்ட வைத்தேன். அந்த வாடையில் எங்கள் படி நனையவே இல்லை. பூசைக்குப் போகும் வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

எங்கள் கல்லில் மோதிய அலை சும்மா திரும்பிப் போகவில்லை, மதினி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவருடைய பின்வாசலில் ஆள் உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, அடுக்களைச் சுவரின் அஸ்திவாரம் பல்லைக் காட்டியது. கணவரை இழந்து தனியாக இருப்பவர். மண்டபம் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் போனில் கூப்பிட்டாள். மதினி சேலைகளை ஒரு கட்டைப்பையில் அடுக்கி அடுக்களை ஆணியில் மாட்டி வைத்தார்.

"அடுக்கள விழுந்துச்சுன்னா மககிட்டப் போயிருவேன் புள்ள. அதுவரைக்கும் இங்கனதான்."

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கம்போல நண்டு ரசம் முருங்கை மரத்தைத் தாண்டி வந்தது. ஏசியிருந்தால் நானும் நாலு ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த ரசத்தைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ருசி வேறு பிரமாதமாக இருந்து தொலைத்தது.

கோடையில் வனத்துறையிலிருந்து வந்து, எங்கள் மகளிர் குழுவுக்கு அலையாத்திக் கன்றுகள் கொடுத்தார்கள். சகதி இருக்கும் இடமாகப் பார்த்து நடச் சொன்னார்கள். நான் கேட்டால்தானே? எங்கே அரிக்கிறதோ அங்கேதானே மரம் வேண்டும் என்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால், அலை நேராக அடிக்கும் மணலில் வரிசையாக நட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் மிதந்தன. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பச்சப்புள்ளயக் கொண்டுபோயி அலை அடிக்கிற எடத்துல உக்கார வச்சா உக்காருமா?"

சிரித்து முடித்து என்னைத் தெற்கே கொஞ்ச தூரம் கூட்டிப்போனார். யாரோ கம்பு ஊன்றி வலை கட்டி மீன் பிடித்துவிட்டு, பிறகு அப்படியே விட்டுப்போன இடம் அது. கம்பும் கிழிந்த வலையும் பாசியும் பின்னிக் கிடந்தன. அதற்குப் பின்னால் கணுக்கால் புதையும் சகதி. அதில் விதை ஒதுங்கி, யாரும் நடாமலே நாலைந்து அலையாத்தி முளைத்திருந்தது.

"பாத்தியா? கம்பு தண்ணிய வடிய விடுது, சகதி அங்கனயே தங்குது. ஒங்க கல்லு திருப்பி அடிக்குது."

கல்லைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் கல்லை எடுக்கச் சொன்னேன்.

"நீதான போடச் சொன்ன?"

"நாந்தான் போடச் சொன்னேன். இப்ப நாந்தான் எடுக்கச் சொல்றேன்."

என் வீடு போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் மதினி இல்லாத பக்கத்து வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாரிடம் கோபப்படுவது?

கல் வந்தது போலவே டிராக்டரில் ஏறிப் போனது. சீமைக்கருவேலம் எங்கள் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும். வெட்டி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு வரிசையாகக் கம்பு ஊன்றி, நடுவில் மெல்லிய கிளை விளாறுகளைத் திணித்து வேலியாக்கினோம். கையெல்லாம் முள். பின்னால் சகதி சேரச் சேரக் கன்று நட்டோம். பாசி வந்து கன்றைச் சுற்றிக்கொண்டு அமுக்கிவிடும். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் நானும் மதினியும் போய்ப் பேன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். பாதி நேரம் சண்டைதான்.

அடுத்த வாடையில் ஒரு காலைநேரம் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த கம்பு வேலி பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் பின்வாசல் படியேறி அடுக்களைக்குள் வரப் பார்த்தது. மதினி பக்கம் வேலி நின்றது, அவர் சுவரும் நின்றது. கல்லை எடுக்கச் சொன்ன வாயை நானே திட்டிக்கொண்டு பாத்திரங்களை மேலே தூக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மதினி. கையில் அந்தக் கட்டைப்பை. கிளம்பிவிட்டார் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பையில் சேலை இல்லை. கழுத்து வரை மணல். என் வாசற்படியில் தொப்பென்று அதை வைத்துவிட்டு, "நிக்காத புள்ள, சாக்கு இருந்தா எடுத்துட்டு வா" என்றார்.

எங்கள் பக்கத்து வேலியை மறுபடி கட்டினோம். இப்போது வருடா வருடம் கட்டுகிறோம். கன்றுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின, மிச்சம் என் தோள் உயரம் வந்திருக்கிறது. மண்டபத்து மகள் இன்னும் போனில் கேட்கிறாள், எப்பம்மா வருவ என்று.

"எப்புடி வர? பையி ஒங்க அத்தை வீட்டு வாசல்லதான கெடக்கு" என்கிறார் மதினி.