பால் பல்லுதானே என்றவர்கள்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை மதியம் ஆபீஸ் போனில் எனக்கு அழைப்பு வந்தது. அவளுடைய பிளேஸ்கூலை நடத்தும் அம்மாள் பேசினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மேடம். பாப்பா ஓடும்போது விழுந்துட்டா. ஒரு பல்லு போயிடுச்சு. பால் பல்லுதானே, எப்படியும் விழப்போறதுதான். சாயங்காலம் வழக்கம்போல வந்து கூட்டிட்டுப் போங்க."

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை, எனக்குக் கிண்டியில் கிளார்க் வேலை. காலையில் குழந்தையை நாலு தெரு தள்ளியிருந்த அந்தப் பிளேஸ்கூலில் விட்டுவிட்டுப் பெருங்களத்தூரில் ரயில் பிடிப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் காத்திருக்கவில்லை. பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன்.

பிளேஸ்கூலின் ஆபீஸ் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையில் ரத்தம் காய்ந்த துண்டு. அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"ஒரு பத்தரை இருக்கும்."

"எனக்கு ஒரு மணிக்குத்தானே போன் பண்ணீங்க?"

"நீங்க பதறுவீங்களேன்னுதான் மேடம்."

குழந்தையின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பல் இல்லை என்றார்கள். மேலே நடுவில் இரண்டு பல்லும் இல்லை. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "அதுவும் விழுந்திருக்கும்" என்றார். கதவருகே நின்றிருந்த ஆயா மட்டும், "ஒண்ணுதான் மா கீழ கெடந்துது" என்றாள். அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

விழுங்கிவிட்டாளோ, மூச்சுக்குழாயில் போய்விட்டதோ என்று பயந்தேன். ஆட்டோ பிடித்து குரோம்பேட்டைக்குப் போனேன். ஜிஎஸ்டி ரோட்டில், மாடியில் ஒரு பல் டாக்டர். என்னைவிட வயது குறைந்த பெண். குழந்தையை என் மடியில் வைத்தே எக்ஸ்ரே எடுத்தார்.

"பல்லு எங்கயும் போகலை. அடிச்ச வேகத்துல மேல ஏறி ஈறுக்குள்ள சொருகிட்டு நிக்குது. இதோ பாருங்க. அதுக்கும் மேல நிழலா தெரியுதே, அதுதான் ஏழு வயசுல வரப்போற நிரந்தரப் பல்லு. இப்பவே உள்ள உருவாகிட்டிருக்கு. அதுல இடிச்சிருக்கான்னு வளர்ந்து வரும்போதுதான் தெரியும்."

விழுந்த பல்லைக் கொண்டுவந்திருந்தால் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். பால் பல்லைத் திரும்ப வைப்பதில்லை, வைத்தால் உள்ளே இருக்கும் பல்லுக்குத்தான் கெடுதல் என்றார். சொருகியது பெரும்பாலும் தானாக இறங்கி வரும், ஈறில் கொப்புளமோ வீக்கமோ வந்தால் உடனே வர வேண்டும் என்றார். மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஓடும்போது விழுந்தான்னா சொன்னாங்க? முட்டியில, மூக்குல, தாடையில எங்கயும் ஒரு சிராய்ப்புகூட இல்லையே. ஏதோ நேரா வந்து இடிச்ச மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்து குழந்தையிடம் கேட்டேன். வீங்கிய உதட்டோடு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஊஞ்ச."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முற்றத்தில் ஊஞ்சலின் சங்கிலிகள் மட்டும் தொங்கின. பலகையைக் காணோம். பெயின்ட் அடிக்கக் கழற்றியிருக்கிறோம் என்றார் அந்த அம்மாள். அது இரும்புப் பலகை என்று எனக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் அவளை உள்ளே விட்டிருக்கிறேன்.

நான் கத்தினேன். தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த நேரத்துல குழந்தைங்களை யார் பார்த்துட்டிருந்தாங்க?" என்றும் கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அந்த அம்மாள் ஆயாவின் பக்கம் திரும்பினார்.

"உன்னைத்தானே நிக்க வெச்சிருந்தேன்?"

"இருவத்தஞ்சு புள்ளிங்கம்மா. ஒண்ணு பாத்ரூம்ல அழுதுகினு இருந்துச்சு, கழுவி வுடப் போனேன். அந்தப் பலகைய மாத்துங்கன்னு நானும் எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்..."

"அப்போ குழந்தைங்களைத் தனியா விட்டுட்டுப் போனது உங்க தப்புதானே?" என்று அவளிடம் கேட்டது நான்தான். அந்த அம்மாள் இல்லை. நான்.

நாலு நாள் கழித்து மகளின் பாயையும் தலையணையையும் எடுத்துவரப் போனேன். "ஆயாவை நிறுத்திட்டோம் மேடம். நடவடிக்கை எடுத்தாச்சு. இப்போ திருப்திதானே?" என்றார் அந்த அம்மாள். வெளியே வந்தால் ஊஞ்சல் மாட்டியிருந்தது. அதே இரும்புப் பலகை. பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதில் ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது, முன்னால் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது.

அடுத்த ஒரு வாரம் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காலையில் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றேன். ரயிலைத் தவறவிட்டேன், ஆபீசில் மெமோ வாங்கினேன். வந்த பெற்றோர் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முக்கால்வாசிப் பேர், "குழந்தைங்கன்னா விழத்தாங்க செய்யும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். பால் பல்லுதானே என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. தாம்பரம் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு பாய் மட்டும் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். உள்ளே போய் அந்தப் பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது உட்கார்ற பலகையா, அருவாளாம்மா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிறுத்தினார்கள். பிறகுதான் ஊஞ்சல் பழைய இரும்புக் கடைக்குப் போனது. என் குழந்தையின் வாயில் வந்த ரத்தத்துக்கு அசையாதவர்கள் ஆறு அட்மிஷன் குறைந்ததும் அசைந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவைத் தேடிப் போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடுகளின் வரிசையில் இருந்தாள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடுங்கக்கா என்றேன். கையைத் துடைக்காமலே பேசினாள்.

"உன் கொயந்த வாய்ல ரத்தம். நீ கத்துனது தப்பில்ல. யார் மேல கத்தணும்னு பாத்து கத்தியிருக்கலாம். எனக்கு வேற எடத்துல வேல கெடச்சிட்டுது. நீ கெளம்பு மா, மழ வரப் போவுது."

உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

வீட்டில் வேறு கச்சேரி. பார்க்க வந்த நாத்தனார், "நீ வேலைக்குப் போகாம இருந்திருந்தா இதெல்லாம் ஏன் நடக்கப்போகுது?" என்றார். அவருடைய தம்பியான என் கணவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் வேலைக்குப் போனீங்கன்னு உங்க அக்கா கேக்கறாங்க" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். நாத்தனார் இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பாலில் ஊறிய இட்லியும் குழைந்த சாதமுமாக இரண்டு வாரம் போயிற்று. தினமும் இரண்டு வேளை பஞ்சால் ஈறைத் துடைக்கும்போது என் விரலைக் கடிப்பாள். நாலாம் மாதம் ஈறுக்குள் சொருகியிருந்த பல் இறங்கி வந்தது. வந்ததும் சாம்பல் நிறமாக மாறியது. பார்த்தவர்கள் எல்லாம் சாக்லேட் அதிகம் கொடுக்கிறாயா என்று என்னைக் கேட்டார்கள்.

ஏழு வயதில் நிரந்தரப் பற்கள் முளைத்தன. ஒன்று நன்றாக இருந்தது. மற்றதின் நடுவில் பழுப்பாக ஒரு திட்டு, நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். அதே டாக்டரிடம் போனோம். "அன்னிக்குப் பட்ட அடிதாங்க இது" என்றார். பல் முழுதாக இறங்கியதும் வெள்ளைப் பூச்சு வைத்து அடைத்தார்.

கண்ணாடியில் பார்த்து மகள் பெரிதாகச் சிரித்தாள். கீழே இறங்கியதும் தள்ளுவண்டியில் கொய்யாக்காய் கேட்டாள். முன்பல்லால் கடிக்காதே என்றேன். கடித்தாள். மிளகாய்ப்பொடி மூக்கில் ஒட்ட, பஸ் ஸ்டாப் வரை கடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்த நாள் துளியும் நினைவில்லை. அது எனக்கு நிம்மதிதான். ஆனால் என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.