வாயடங்காத ரம்பம்

சேக்காட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு ஒன்றரை வருஷம் கதவு கிடையாது. சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. வாசலில் மட்டும் ஒரு மூங்கில் தட்டியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். உலகச் சண்டைக் காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாள முகாம் மாதத்துக்கு மாதம் பெருத்துக்கொண்டே வந்தது. வேலைக்கு ஆகிற மரமெல்லாம் அங்கேதான் போனது; ஒரு கதவுக்குப் பலகை கேட்டால் மரக்கடைக்காரர் சிரிப்பார். லாரியும் ஜீப்பும் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். பகல் முழுக்க அந்தத் தட்டிக்குப் பின்னால் நான் ஒருத்தி.

என் கணவர் ரயில் பட்டறையில் தச்சர். பழைய ரம்பம் எங்கே கண்டாலும் விடமாட்டார். பல்போனது, பிடி உடைந்தது, துருவேறியது, எதுவானாலும் வீட்டுக்கு வந்துவிடும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, அரம் போட்டுக் கூராக்கிச் சுவரில் மாட்டுவார். ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த எலும்பு அறுக்கும் ரம்பம்கூட ஒன்று இருந்தது. அதை மட்டும் அடுப்பங்கரைச் சுவரில் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முகாமுக்காக அழித்த தோப்பிலிருந்து அவர் எப்படியோ ஒரு வாகை மரத்தை வாங்கி வந்தார். வீட்டுப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, மேலே சட்டம் போட்டு, மரத்தை ஏற்றினார். பெரிய ரம்பத்தை மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் முகாம் வேலைக்குப் போய்விட்டார்கள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான்தான் குழிக்குள் இறங்கினேன். முதல் பலகை வர நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் அவர் அதைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் பிடி. இரண்டுக்கும் நடுவில் நீண்ட இரும்புப் பட்டை, அதைச் சுற்றி சைக்கிள் சங்கிலி மாதிரி ஒன்று. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் பல்.

"மரம் அறுக்குற மிஷின் இது. முகாம்ல தோப்பு அழிச்சது இத்த வெச்சிதான். பழுதாய்டுச்சின்னு பழைய இரும்போட தள்ட்டானுங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"யார்கிட்ட வாங்குனீங்க?"

"முத்தாபுதுப்பேட்டைல பழைய இரும்பு எடுக்குறாரே, அவராண்ட."

"காயிதம் குடுத்தாரா?"

"துருப்பிடிச்ச இரும்புக்கு இன்னா காயிதம்?"

எஞ்சின் மேல் மண்ணை நான் முந்தானையால் துடைத்தேன். அடியில் அம்புக்குறி முத்திரை தெரிந்தது. பட்டாளத்துச் சாமான் என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தெருவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வீட்டில் இருந்தது அந்தக் குறி போட்ட ஒரு கம்பளி மட்டும். அவர் மனைவி போலீஸ் வண்டிக்குப் பின்னால் ரயில்வே கேட் வரை ஓடியதை நான் தட்டிச் சந்து வழியாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. காலையில் அவர் வேலைக்குப் போகுமுன் இருவருமாக அந்த ரம்பத்தை அறுப்புக் குழிக்குள் இறக்கி மரத்தூளால் மூடிவைப்போம். சாயங்காலம் அவர் வந்து தூளை விலக்கிப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார். தெருவில் ஜீப் வேகம் குறைந்தால் என் கை வேலை நின்றுவிடும்.  ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பிரசங்கத்தில் பாதிரியார் திருட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனாலும் அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நான் இன்னா திருடியா வந்தேன்?" என்பார்.  அவர் திருடவில்லைதான்.

மூன்று வாரத்தில் அதைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். லாரி டிரைவர் ஒருவரிடம் ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கி வந்திருந்தார். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். பயம் எனக்கு இரண்டாயிற்று.

"ஞாயித்துக்கெழம ஒரு மணிக்கு கூட்ஸ் போவுது இல்ல? அது போவும்போது வுட்டுப் பாக்கலாம். அந்தச் சத்தத்துல இது யாருக்கும் கேக்காது. ஒரே ஒரு அறுப்பு. மறுமுனைய நீ புடிச்சாப் போதும்."

சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. கூட்ஸ் வண்டியின் கூவல் கேட்டதும் கயிற்றைச் சுண்டி இழுத்தார். இரண்டு முறை இருமியது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. என் கையிலிருந்த பிடியின் அதிர்வு என் பல் வரை ஏறியது. சங்கிலி வாகை மரத்தில் பட்டதும் தூள் மழை மாதிரி கொட்டியது. நாலு ஞாயிறு நாங்கள் இழுத்ததை அது கண்மூடித் திறப்பதற்குள் அறுத்துப் போட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கூட்ஸ் போய்விட்டது. கடைசிப் பெட்டியின் சத்தமும் தேய்ந்துவிட்டது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை.

அவர் ஏதோ கம்பியை இழுத்தார், திருகினார். அது இன்னும் உரக்கக் கத்தியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் அலறினேன். "நிக்க மாட்டேங்குது!" என்று அவர் வாய் அசைந்தது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. தெருப் பக்கம் ஆட்கள் ஓடிவருவது வீட்டோரச் சந்து வழியாகத் தெரிந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த சாக்கை எடுத்து, எஞ்சின் காற்று இழுக்கும் ஓட்டையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். விக்கி விக்கி அடங்கியது. என் உள்ளங்கை பொரிந்துவிட்டது.

முதலில் உள்ளே வந்தவர் ஊர்த் தலையாரி. பின்னால் பாதித் தெரு.

"இன்னா அண்ணாத்தே, ஏரோப்ளேன் வுழுந்துட்சின்னு ஊரே ஓடியாருது! இன்னாது இது?"

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "முகாம் சாமானுங்க. பழைய இரும்புல வந்துட்சி. நாளைக்கே கொண்டுபோய் ஒப்படைக்கப் போறோம்."

தலையாரி தலையாட்டினார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதே வண்டியில் முகாமுக்குப் போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் எங்களை வெயிலில் ஒதுக்கி நிறுத்தினான். வெகுநேரம் கழித்து ஒரு தமிழ் கிளார்க் வந்தார், அவர் பின்னாலேயே ஒரு வெள்ளைக்கார அதிகாரி.  என் கணவரை உள்ளே கொண்டுபோய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளார்க் எஞ்சின் மேலிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். திரும்பி வந்து, "இது உதவாதுன்னு எப்பவோ தள்ளிட்ட சாமான். உங்க மேல தப்பில்ல. எடுத்துட்டுப் போகச் சொல்றார் துரை" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். "நீங்களேவா ரிப்பேர் பண்ணீங்கன்னு கேக்கறார்" என்றார் கிளார்க். என் கணவர் தலையை ஆட்டினார். மறுபடி அந்த வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

அப்போதே நாங்கள் வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் என் பயம் அடங்கவில்லை. "ஐயா, சங்கிலில வேற ஒரு அம்புக்குறி கீதுங்க. அதுவும் அந்தப் பொஸ்தகத்துல கீதா? நாளைக்கு யாராவது வந்து கேட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

கிளார்க் குனிந்து பார்த்தார். மறுபடியும் புத்தகம். சங்கிலி தனிச் சாமானாம். இப்போதும் புழக்கத்தில் இருக்கிறதாம். தள்ளிய பட்டியலில் அது இல்லையாம். அதிகாரி தோளைக் குலுக்கினார். ஒரு சிப்பாய் வந்து சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். மீதியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். வழி முழுவதும் அவர் மாட்டோடுகூடப் பேசவில்லை.

பல்லில்லாத அந்த ரம்பத்தையும் அவர் சுவரில் மாட்டினார். மீதிப் பலகைகளைக் கையால்தான் அறுத்தோம். எனக்குக் கைக்கட்டு அவிழ ஒரு மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் மறுபடி குழிக்குள் இறங்கினேன். கதவு போட்டோம், ஜன்னலும் போட்டோம். அந்த நாளெல்லாம் அவர் என்னிடம் பேசியது "இழு", "வுடு" என்ற இரண்டு வார்த்தைதான்.

கடைசிப் பலகை பாதி அறுபட்டிருந்தபோது இழுப்பை நிறுத்திவிட்டு மேலிருந்து கேட்டார்.

"அந்தச் சங்கிலிய ஏன் காமிச்ச?"

கண்ணெல்லாம் தூள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "பயமா இருந்துச்சிங்க" என்றேன்.

"அவனே எடுத்துகினு போன்னு சொல்ட்டானே."

"சொன்னாரு. அப்பவும் பயம் போவல."

ரம்பப் பிடியை மறுபடி பற்றினார். அப்புறம், "தள்ளி நின்னு இழு, தூளு கண்ல வுழுது" என்றார்.

அந்தக் காகிதத்தைச் சண்டை முடிகிற வரை பத்திரமாக வைத்திருந்தேன். ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.