முழங்கை நரம்பு

தையல்காரரின் இடது கைச் சுண்டுவிரல் எப்போதும் உள்ளே மடங்கியே இருக்கும். மகள் சின்ன வயதில் கேட்டபோது, கத்திரி பட்டு நரம்பு அறுந்துவிட்டதாகச் சொல்லி வாயை அடைத்துவிட்டார். அவளும் அதையே நம்பி வளர்ந்தாள்.

உண்மையில் அது தொழுநோய் விட்டுப்போன தடம். வாலிபத்தில் முன்கையில் வெளிறிய படை ஒன்று வந்தது. பார்த்த டாக்டர்களெல்லாம் தேமல் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். சரியான ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் விரல் மடங்கிவிட்டது. மாத்திரையில் நோய் அடியோடு போயிற்று. விரல் மட்டும் நிமிரவில்லை. இது மனைவிக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வெளியே வேறு யாருக்கும் தெரியாது.

அதே ஆஸ்பத்திரியில் வருஷாவருஷம் ஒரு பயிற்சி நடக்கும். பல ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் தொற்றுநோய் டாக்டர்கள் வந்து வெப்பநாட்டு நோய்களை நேரில் பார்த்துப் படிப்பார்கள். தொழுநோயைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் அதில் பாதிப் பேர். பயிற்சியை நடத்தும் பெரிய டாக்டர் கேட்டுக்கொண்டதால், தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார். ஒவ்வொருவராக வந்து அவர் முழங்கைக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். நரம்பு அங்கே கயிறு மாதிரி தடித்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவார்கள், தொட்டதே இவருக்குத் தெரியாது. அளவெடுக்கிறவனையே அளவெடுக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். இன்னொருத்தன் களிம்பைத் தடவிக்கொண்டு விரலைப் பறிகொடுக்கக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

அந்த வருஷம் வரிசையில் வந்த ஒரு பெண் டாக்டரைப் பார்த்ததும் அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கப் பார்த்தார். மகள் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அக்கா அவள். முந்தின வாரம்தான் தம்பியோடு வீட்டுக்கு வந்து, கூடத்தில் இவருக்கு எதிரே உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருந்தாள். அவளும் ஒரு நொடி நின்றுவிட்டாள். பிறகு மற்றவர்களைப் போலவே முழங்கையைப் பிடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் அவரைத் தேடி வந்தாள்.

"அங்கிள், நோயாளி விஷயத்தை வெளியில சொல்ல எனக்கு உரிமை இல்ல. வீட்டுல வாயத் திறக்க மாட்டேன். ஆனா தம்பி நேரா கேட்டா பொய் சொல்ல வராது."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

அதன்பின் தைக்க உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். இந்த நேரம் பார்த்து, பதிவுத் திருமணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று பையன் வீட்டிலிருந்து தகவல் வந்தது. அந்தப் பெண் சொல்லிவிட்டாள் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு கட்டினார்கள். ஊர் வாயில் கேட்பதைவிடத் தன் வாயிலிருந்தே கேட்கட்டும் என்று, சாப்பிட்டுக் கை கழுவி வந்த மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழவில்லை. முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிருந்தோ வர்ற டாக்டருங்க எல்லாரும் தொட்டுப் பாத்திருக்காங்க. எனக்கு மட்டும் கத்திரியாப்பா?"

அவளே பையனிடம் போய்ச் சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது: அவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வைத்திருந்ததால்தான் தேதி தள்ளிப்போனது. அக்கா மூச்சுவிடவில்லை. தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பையன் அசரவில்லை. வீட்டில் அவன் சொன்னதும் அம்மாதான் முறுக்கிக்கொண்டாள். மருந்து சாப்பிட்டு முடித்தவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரான அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். படிப்பு உனக்கு, மனசு எனக்கு என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் அம்மா வராமலேயே பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டது அக்காதான். வெளியே வராந்தாவில் தையல்காரர் நன்றி சொல்ல வந்தபோது அவள் தடுத்தாள்.

"அன்னைக்கு உங்க கையத் தொட்டுட்டு ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன் அங்கிள். தேவையில்லன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கழுவினேன். அம்மாவ நான் எப்படித் திட்டுறது?"

அவர் மடங்கிய விரலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நானும் ரொம்ப நாள் இந்தக் கையால எம்பொண்ணத் தொட்டதில்லம்மா," என்றார்.

மகள் இப்போது தனிக்குடித்தனம். போன் பண்ணினால் முதலில் அம்மாவைக் கேட்கிறாள். அப்பாவிடம் கடை எப்படி, உடம்பு எப்படி என்பதோடு சரி. மாமியார் இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த பயிற்சிக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டார் தையல்காரர். அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.