வலைக்குள் பூத்த கத்தரி

மோகனப்பிரியா ஓர் இடத்தில் குந்த மாட்டாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் அவளுக்குக் காத்தாடி என்றே பேர். பொன்னேரிக்கு மீன் கூடை தூக்கினாள், மீஞ்சூர் கம்பெனிக்கு ரயிலேறினாள்; எதிலும் ஆறு மாதம் தாங்கவில்லை. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் செம்மண் கொட்டிப் பதினெட்டுக் கத்தரிச் செடி வைத்தாள். அதில்தான் மனசு நின்றது.

புருஷன் இளவழகனுக்கோ அந்த இடத்தில் ஐஸ் பெட்டி வைக்கக் கொட்டகை போடணும். "பூவாப் பூத்துக் கொட்டுது. அடுத்த வெள்ளிக்குள்ள ஒரு காய் காட்டு. இல்லேன்னா வெட்டிப் போட்டுடுவேன்" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உப்புக் காற்றா, தண்ணீர் போதவில்லையா? விடிந்ததும் ஓடிப் பார்ப்பாள். பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடக்கும். ஆடு மேய்ந்துவிடும் என்று பழைய இறால் வலையால் சுற்றியும் மேலேயும் மூடியிருந்தாள். காவலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு கருவண்டு வலையில் முட்டி முட்டிப் பார்த்தது. கிழிசல் வழியே வெளியே நீட்டியிருந்த ஒரே கிளையின் பூவைப் பிடித்துத் தொங்கி, 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. அதன் வயிறெல்லாம் மஞ்சள் தூள்.

அவள் உள்ளேயிருந்து ஒரு பூவைப் பறித்தாள். ஊதா இதழ் ஐந்தும் அடியில் ஒன்றாய் ஒட்டியிருந்தன. நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாய்க் கூடி நின்றன. தடவினாள், ஒன்றும் ஒட்டவில்லை. ஒவ்வொரு பையின் நுனியிலும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. சுண்டினாள், நகத்தில் தூள் விழுந்தது.

"அடக் கடவுளே! உலுக்கினாத்தான் கொட்டுமா? ஆட்டைத் தடுக்கறேன்னு வண்டையில்ல தடுத்துட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டாள்.

மேல் வலையைப் பிய்த்தெறிந்தாள். வண்டையும் நம்பாமல், தினமும் காலையில் பூப்பூவாய்ச் சுண்டிக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா, "இன்னாடி, பூவோட வெளையாட்டு?" என்று சிரித்தாள். சிரிக்கட்டுமே!

வெள்ளிக்கிழமை இளவழகன் மண்வெட்டியோடு வந்தான். "காய் எங்கடி?"

செடிகளில் பூக்கள் வாடியிருந்தன, ஆனால் உதிரவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் எரிச்சலில் ஒன்றைப் பிய்த்தான். காய்ந்த இதழ் உதிர்ந்தது. பச்சைத் தொப்பிக்குள் பட்டாணி அளவில் பளபளவென்று ஒரு பிஞ்சு.

இருவரும் அதையே பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

"மொத காய நீயே பறிச்சிட்ட, யோவ்" என்றாள். "குடு அந்த மண்வெட்டிய. இனிமே அது எங்கிட்டயே இருக்கட்டும்."