ஒரே ஒரு சொல்லுக்காகக் கண்டிக்குப் போனது

எனக்கு 'ப' வராது. 'க' அதைவிட மோசம். மாத்தளையில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வரைபடம் வரையும் வேலை பார்த்தேன். பேச வேண்டிய தேவை அதிகமில்லாத வேலை என்றுதான் அதைத் தேடிப் போனேன். மாலையில் வீடு திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஊர் கேட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரான பலாபத்வலைக்கு அப்பாலுள்ள நாலந்தைக்கு டிக்கட் கேட்பேன். 'ந' சிக்காமல் வரும். ஒருநாள் கண்டக்டர் கேட்டே விட்டார்: "நாலந்தைக்கு எடுத்துட்டு ஏன் தம்பி தினமும் இங்கயே இறங்குறீங்க?" சிரித்துக்கொண்டு இறங்கினேன்.

அறுபதுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்பவர். பெண் பார்க்கப் போன அன்று எனக்கும் சேர்த்து வாப்பாவே பேசினார். "ஓ", "இல்ல" என்ற இரண்டு சொல்லோடு நான் தப்பித்தேன். என்னை அடக்கமான பிள்ளை என்று அவர்கள் மெச்சியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திரும்பி வரும்போது வாப்பா சொன்னார்: "நிகாஹ்ல ஒரே ஒரு சொல்லுத்தான் மகன். அதுக்குள்ள எப்படியாவது சரி பண்ணிக்கோங்க."

அந்தச் சொல் 'கபில்த்து'. ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். சபை கேட்க மணமகன் தன் வாயால் சொல்ல வேண்டும். அது 'க'வில் தொடங்குகிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிங்களப் பெண்மணி இருப்பதாக யாரோ சொன்னார்கள். மூன்று மாதம், சனிக்கிழமை தோறும் ரயிலில் போனேன். மூச்சை மெதுவாக விட்டு, சொல்லின் முதல் எழுத்தை நீட்டி, வலது கை விரலால் தொடையில் தட்டித் தட்டிப் பேசச் சொன்னார். எல்லாம் சிங்களத்தில்தான். அந்த அறையில் எனக்குத் திக்கவே இல்லை. வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. வெளியே வந்து ஸ்டேஷனில் டிக்கட் கேட்டால் பழையபடி ஆகிவிடும்.

நான்காவது வாரம் என் பிரச்சினையைச் சொன்னேன். அவர் அந்த அரபுச் சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தார். பல வாரம் அப்படிப் போனது. கடைசியில் ஒருநாள் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "இதை முழுதாகப் போக்க என்னால் முடியாது. கொஞ்சம் இலேசாக்கலாம், அவ்வளவுதான். பெண் வீட்டுக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன்.

"சொல்லிவிடுங்கள். மறைக்க மறைக்கத்தான் இறுகும்."

அன்று ரயிலில் எனக்கு அவர்மேல் கோபம். மூன்று மாதம் அலைந்தது இதைக் கேட்கவா என்று இருந்தது. ஆனாலும் அடுத்த நாள், வாப்பாவுக்குத் தெரியாமல், பெண்ணின் தகப்பனுக்குக் கடிதம் எழுதினேன். எனக்குத் திக்குவாய், சிறு வயதிலிருந்தே உண்டு, மாறாது போலிருக்கிறது என்று நாலு வரி. அன்றே தபால் பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் கந்தோருக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று பேசினோம்.

"கடிதம் கெடச்சிச்சி மகன். மகள்கிட்ட செல்லிட்டேன்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அவர் வேறெங்கும் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டு முடித்தேன்.

"அவருக்குக் காது கேக்குமா எண்டு கேட்டா. நல்லாக் கேக்கும் எண்டேன். அப்ப சரி எண்டா."

நிகாஹ் அன்று பெண்ணின் தகப்பன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு தான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார். நான் விரலால் தட்டப் பார்த்தேன். தட்டுகிற கை அவர் கையில் இருந்தது. கண்டியில் படித்ததெல்லாம் அதோடு போயிற்று. 'க' வெளியே வரவில்லை. பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். நிகாஹை நடத்திவைத்த லெப்பை, சொல்லை எடுத்துக்கொடுக்கக் குனிந்தார்.

"உடுங்க, அவர் செல்லுவார்," என்றார் மாமனார்.

வியர்வை புருவத்தில் இறங்கியது. நாலைந்து முறை 'க' உடைந்து உடைந்து வந்தது. பிறகு முழுச் சொல்லும் வந்தது, தேவைக்கு மேல் சத்தமாக. லெப்பை தலையாட்டினார். வாப்பா அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி பிறகு சொன்னான்.

இன்னும் ஒருமுறை கண்டிக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி, "இடது கையையும் பழக்கியிருக்க வேண்டும், என் பிழை," என்று நெற்றியில் கைவைத்தார். கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றலாகி, அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நானும் வேறு யாரையும் தேடவில்லை.

திக்கல் அப்படியேதான் இருக்கிறது. சில மாதம் குறையும், சில மாதம் கூடும். என் மனைவி நான் பேசும்போது இடையில் சொல் எடுத்துக்கொடுக்க மாட்டாள், காத்திருப்பாள். சண்டை என்றால் மட்டும் காத்திருப்பதில்லை. நான் முதல் சொல்லைப் பிடிப்பதற்குள் அவள் மூன்று விஷயம் சொல்லி முடித்துவிட்டுக் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போயிருப்பாள்.