முன்னூற்று நாற்பது தலைகளும் ஒரு வெள்ளைச் சட்டையும்

கறம்பக்குடியில் செத்த ஆம்பளைகள் எல்லாருக்கும் ஒரே நெஞ்சு. சந்தேகம் இருந்தால் கடைத்தெருவில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைப் பாருங்கள். தலைதான் மாறும். கழுத்துக்குக் கீழே அதே வெள்ளைச் சட்டைதான். அது ஃபிளெக்ஸ் கடை அருள்மணியின் உடம்பு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் செத்தபோது, அவர் படம் ஒன்றுகூடச் சட்டையோடு இல்லை. அருள்மணி தானே வெள்ளைச் சட்டை மாட்டி நின்று, மனைவி புவனேஸ்வரியைப் படம் எடுக்கச் சொல்லி, தன் தலையை வெட்டிவிட்டு அவர் தலையை ஒட்டினான். ஊருக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து முன்னூற்று நாற்பது பேர் அவன் உடம்பில் ஏறித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவ்வளவு பேரை எந்த பஸ்ஸும் ஏற்றியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிரசாந்த் கடைக்கு வந்தான். அவன் அப்பா ஆண்டியப்பன் விடியற்காலையில் இறந்திருந்தார்.

“அண்ணே, நாலு மணிக்குத் தூக்குறோம். அதுக்குள்ள முக்குல பேனர் நிக்கணும். அப்பா மூஞ்சிய ஒரு பேனர்லயும் போட்டதில்லண்ணே.”

“நிக்கும் தம்பி. போய் ஆகவேண்டியதப் பாரு.”

ஆண்டியப்பன் படத்தைத் திறந்ததுமே ‘டிஸ்க் ஃபுல்’ என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. உள்ளே ஒரு எறும்பு திரும்பிப் படுக்க இடமில்லை.

“காதுகுத்து, கல்யாணத்தை அழிச்சா சண்டைக்கு வருவாங்க. செத்தவங்களத் தூக்குங்க. அவங்க வந்தா கேக்கப் போறாங்க?” என்றாள் புவனேஸ்வரி.

“வருசா வருசம் நெனவு நாளுக்கு மகன் வருவான்டி, அதே மூஞ்சியப் போடுங்கன்னு. பாதிப் பேருக்கு இந்தப் பொட்டிய விட்டா வேற மூஞ்சியே கெடையாது.”

யோசித்தான். இடத்தை அடைப்பது மூஞ்சி இல்லை. ஒவ்வொரு ஃபைலிலும் நிற்கும் அவன் உடம்பும் மேகமும் புறாவும்தான். தலையை மட்டும் சின்னப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டால் போதும். தலைக்கு அரை நிமிஷம். ரீசைக்கிள் பின்னில் கிடந்தாலும் இடத்தை அடைக்குமென்று, திரும்பவே வராதபடி டெலீட்டோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினான்.

ஒன்றேகால் மணிக்குக் கம்ப்யூட்டருக்குள் கபடி ஆடலாம் போல இடம் கிடைத்தது. தலைகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தான். வரிசை வரிசையாக, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல், எல்லாரும் அவனையே பார்த்தார்கள். உடுத்திவிட்டவனே வந்து துணியை உருவிக்கொண்டு போனதைப் பார்ப்பது போன்ற பார்வை. நாற்காலியைத் தள்ளிப் போட்டான்.

“இங்கிட்டு வந்தா இங்கிட்டுப் பாக்குறாங்க புவனா.”

“வெளாடாம வேலையப் பாருங்க. ஆமா, ஒங்க ஒடம்பு எங்க?”

தேடினான். மிச்சத்தோடு மிச்சமாக அதையும் அழித்திருந்தான். ஊருக்கே இனி உடம்பு இல்லை.

வேறு வழியில்லை. வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். புவனேஸ்வரி செல்போனைத் தூக்கினாள்.

“நிமுந்து நில்லுங்க.”

“நிமுந்துதான்டி நிக்கிறேன்.”

அவள் அவன் தோளை ஒருதரம் பார்த்துவிட்டுப் படம் எடுத்தாள். பழைய உடம்பில் எந்தத் தலையைச் சேர்க்கவும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவனுக்கு, இன்றைக்கு ஆண்டியப்பன் வைத்த உடனே உட்கார்ந்துகொண்டார். நிழல்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மூன்றரைக்கு முக்கில் பேனர் ஏறியது. பிரசாந்த் அண்ணாந்து பார்த்தான்.

“அப்படியே இருக்காருண்ணே. ஆனா பையில எதுக்குப் பேனா? அவரு கைநாட்டுல்ல.”

“அங்கிட்டாச்சும் எழுதிப் படிக்கட்டும் தம்பி.”

பிரசாந்த் சிரித்தான், சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

பெண்கள் முக்கு வரை வந்து திரும்புவது வழக்கம். பாடை தாண்டிப் போனதும் ஆண்டியப்பன் பெண்டாட்டி காத்தாயி மட்டும் பேனரின் கீழேயே நின்றாள். மேலே பார்த்தாள். பிறகு, அதே சட்டையும் அதே பேனாவுமாக நின்ற அருள்மணியைப் பார்த்தாள்.

“அவருக்கும் இந்தத் தோளு இப்படித்தான் எறங்கியிருக்கும். ஒனக்கு எப்படிய்யா தெரிஞ்சுச்சு?”

அருள்மணியின் கை தன் தோளைத் தொட்டுப் பார்த்தது. காற்று வந்தது. பேனரில் நெஞ்சு ஏறி இறங்கியது. அருள்மணி மூச்சை அடக்கிப் பார்த்தான். அதுவும் நின்றது. அவனால்தான் தாங்க முடியவில்லை, மூச்சை விட்டான். மேலே நெஞ்சு மறுபடி ஏறியது.

பின்னாலிருந்து புவனேஸ்வரி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வீட்டுக்கு வாங்க. மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க.”